ஊருக்கு ஒரு முத்திரை, ஆளுக்கு ஒரு குத்து

வா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. மெட்ராஸ்ல கண்ணாடிக் கட்டடத்துல வேலை பாக்குறவன்தான். இருந்தாலும் ஆளைப் பாத்ததும் எடை போடுற வித்தை மட்டும் உனக்கு இன்னும் கைகூடல. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரரு, "புதுக்கோட்டையா? தண்ணியில்லாத காடாச்சே"ன்னாராம். நீ இறங்குற வரைக்கும் அவருகிட்ட மல்லுக்கு நின்னியாம். எதுக்குப்பா அந்த வேலை? அவரு எம்புட்டுக் கெட்டிக்காரரு பாரு. ஒரு நா தங்காம, ஒரு வாய்த் தண்ணி குடிக்காம, ஒரு மாவட்டத்தையே ரெண்டு வார்த்தையில மடிச்சு மடியில கட்டிக்கிட்டாரு. உனக்கு வருமா அந்தத் திறமை?

விடியக்காலம் கீரமங்கலம் பூ கமிஷன் கடைப் பக்கம் அவரைக் கூட்டியாந்து நிப்பாட்டியிருக்கணும். மல்லிகை, முல்லை, காக்கரட்டான், கனகாம்பரம், சம்பங்கி, சென்டின்னு சாக்குலயும் பையிலயும் வந்து இறங்கும். தராசுத் தட்டு ஓயாது. ராத்திரி முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்து மொட்டுப் பறிச்ச பொம்பளைக, அன்னைக்கு என்ன விலை போகுதோன்னு கமிஷன்காரரு வாயையே பாத்துக்கிட்டு நிப்பாக. ஊரைச் சுத்தித் தென்னை, வாழை, பலா, வெத்தலைக் கொடிக்கால். வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம், குளமங்கலம்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்து தென்னையை வேரோட சாய்ச்சுப் போட்டப்பத்தான், "ஓகோ, அங்க இம்புட்டுத் தென்னை இருந்துச்சா"ன்னு வெளியூரு கேட்டுச்சு. நின்ன மரம் கண்ணுக்குத் தெரியல, விழுந்த மரம் தெரிஞ்சிருச்சு.

பலாவுக்கு நடக்கிறது அதைவிடக் கூத்து. நம்ம தோட்டத்துல பழுத்து, நம்ம ஆளு தலையில சுமந்து லாரியில ஏத்துவான். வெளியூருச் சந்தையில இறங்குனதும் "பண்ருட்டிப் பலா, பண்ருட்டிப் பலா"ன்னு கூவி விப்பாக. பழத்துக்கு வாயிருந்தா அதுவும் உன்னைக் கணக்கா மல்லுக்கு நிக்கும். நல்லவேளை, அதுக்கு இருக்கிறது முள்ளு மட்டுந்தான்.

அதுக்காக அந்தப் பக்கத்து சீட்டுக்காரரு சொன்னது முழுப் பொய்னும் நான் சொல்லமாட்டேன். மாவட்டத்துக்கு வடமேக்கால ஒரு நடை போய்ப் பாரு. மானம் பாத்த பூமியும் காஞ்ச கண்மாயும் இருக்கத்தான் செய்யுது. இங்க பச்சையா இருக்கிறதும் ஆழ்குழாய்க் கிணத்துப் புண்ணியந்தான். கால்பங்கு நிசத்தை ஊனிக்கிட்டு முக்கால்பங்கு சோம்பல் நிக்குது, அம்புட்டுத்தான். முழுப் பொய்யா இருந்தா ஒரே நாள்ல உடைச்சுப் போட்டுறலாம். கால்பங்கு நிசம் கலந்ததை உடைக்கத்தான் ரெண்டு தலைமுறை ஆகும்.

சரி, நீயும் இந்த வித்தையைக் கத்துக்க. உன் அத்தை மக திருச்சியில சைக்காலஜி படிக்கிறால்ல, லீவுக்கு வந்தா ராத்திரி புத்தகத்தைச் சத்தமா வாசிப்பா. நான் வெத்தலையை மென்னுக்கிட்டே காதைக் குடுத்துருவேன். பரிச்சை எழுதுறது அவ, பாஸாகிறது நானு.

முதல் பாடம், கணக்கு. கமிஷன் கடையில நோட்டு எழுதுறவன் வரவு, செலவு ரெண்டையும் எழுதுனாத்தான் அது கணக்கு. முத்திரை குத்துறவன் நோட்டுல ஒரு பக்கம்தான் இருக்கும். அவன் நெனச்சதுக்குத் தோதா எவனாச்சும் நடந்தா உடனே எழுதிக்குவான். நூறு பேரு வேற விதமா நடந்தாலும் பேனாவுல மை தீந்துரும்.

1976-ல அமெரிக்காவுல டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்டுன்னு ரெண்டு பேரு இதைச் சோதிச்சுப் பாத்திருக்காக. "அ" கூட்டம், "ஆ" கூட்டம்னு ரெண்டு. எந்த ஊரு, என்ன சாதி, என்ன நிறம், ஒண்ணும் சொல்லல. இந்தக் கூட்டத்து ஆளு இன்ன காரியம் பண்ணான்னு ஒவ்வொண்ணா 39 சங்கதியை வாசிக்கக் குடுத்தாக. "அ" கூட்டத்தைப் பத்தி 26 சங்கதி, அதுல 18 நல்லது, 8 கெட்டது. "ஆ" கூட்டம் சின்னது, 13 சங்கதி. 9 நல்லது, 4 கெட்டது. நீதான் கம்ப்யூட்டர்க்காரன், வகுத்துப் பாரு. ரெண்டு பக்கமும் ரெண்டேகால் நல்லதுக்கு ஒரு கெட்டது. தராசு முள்ளு அசையல. ஆனா வாசிச்சவுக என்ன சொன்னாகங்கிறே? "ஆ கூட்டம் அம்புட்டு நல்லதில்ல"ன்னுட்டாக. கெட்ட காரியத்தையும் அந்தக் கூட்டம் செஞ்சதா கூடுதலா ஞாபகம் வச்சுக்கிட்டாக.

ஏன்னா, அரிதா நடக்கிறது கண்ணை உறுத்தும். கெட்டது அரிது. சின்னக் கூட்டத்தைப் பாக்குறதும் அரிது. ரெண்டு அரிதும் ஒண்ணாச் சேந்தா நெஞ்சுல ஆணி அடிச்சுரும். நம்ம ஆளு நாலு பேரு டீக்கடையில கட்டிப் புரண்டா அது "மாமன் மச்சான் தகராறு". வெளியூருலருந்து பொழைக்க வந்த ஒருத்தன் குரலை ஒசத்திட்டா, "அவனுகளே அப்படித்தான்". இங்க யாரும் வேணும்னு பொய் சொல்லல. பகையே தேவையில்ல பாத்தியா, எண்ணத் தெரியாத மண்டை ஒண்ணு போதும்.

அடுத்த பாடம் உசத்தியானது. நாம குத்துன முத்திரைக்கு எதிரா ஒரு ஆளு வந்து நின்னா என்ன செய்யிறது? பயப்படாத. "இவரு அப்படிப்பட்டவரு இல்ல, இவரைப் பாத்தா அந்த ஊர்க்காரருன்னே தெரியாது"ன்னு ஒரு பாராட்டு மாதிரி சொல்லி ஓரமா உக்கார வச்சிரு. அவரும் சந்தோசப்படுவாரு, முத்திரையும் அழியாம இருக்கும். கார்டன் ஆல்போர்ட்னு ஒருத்தரு 1954-லயே இந்தத் தந்திரத்தைப் பிடிச்சு எழுதிவச்சிருக்காரு. நம்ம டீக்கடைக்கு அவரு வந்ததில்ல. வந்திருந்தா இன்னும் தடிமனா எழுதியிருப்பாரு.

சாமியே இந்த வித்தையில இறங்கியிருக்கு ராசா. கீரமங்கலம்ங்கிற நம்மூருப் பேருக்கே நக்கீரரைத்தான் காரணம் சொல்றோம். மெய்நின்றநாதர் கோயிலுக்குப் போறவுக அந்தப் பெரிய சிவன் சிலைகிட்ட நின்னு செல்பி எடுப்பாக, நக்கீரர் சிலையையும் கும்பிட்டுக்குவாக. கதையைத்தான் பாதியில விட்டுருவாக. தருமிக்குப் பாட்டு எழுதிக் குடுத்தது ஆண்டவன். பொம்பளை கூந்தலுக்கு இயற்கையிலயே மணம் உண்டா இல்லையாங்கிறது வழக்கு. பூ வச்சாத்தான் மணம்னாரு நக்கீரரு. பூக்கார ஊரு சொந்தம் கொண்டாடுற ஆளு வேற என்ன சொல்வாரு? அதுலயும் எல்லாப் பொம்பளைக்கும் சேத்து ஒரே தீர்ப்பு. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது.

வாதம் இழுபறியானதும் சிவபெருமான் என்ன பண்ணாருங்கிறே? பாட்டை விட்டுட்டு ஆளோட தொழிலைப் பிடிச்சாரு. சங்கை அறுத்துப் பொழைக்கிற நீயா என் பாட்டுல குத்தம் பாக்குறதுன்னு கேட்டதா ஒரு தனிப்பாட்டு சொல்லுது. நக்கீரரு சும்மா விட்டாரா? நாங்க அறுத்துச் சாப்பிடுறோம், உன்னை மாதிரி பிச்சையெடுத்துச் சாப்பிடலன்னு திருப்பிக் குத்துனாரு. முத்திரைக்கு முத்திரை சரியாப் போச்சு. அதுக்கு அப்பறந்தான் நெத்திக்கண்ணு. இம்புட்டு ரகளையில கூந்தல் சங்கதி என்னாச்சுன்னு யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?

சாமி குத்துனது பாட்டோட போச்சு. சர்க்காரு குத்துனா போகாது. நம்ம புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னருக கள்ளர் குலம். வெள்ளைக்காரன் அவுகளுக்கு 17 குண்டு மரியாதை குடுத்தான். அதே வெள்ளைக்காரன் மதுரைக்கு மேக்கால இருந்த பிறமலைக் கள்ளரைப் பிடிச்சு, பொறப்பாலயே குத்தவாளின்னு எழுதிட்டான். 1871-ல வடக்க வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல திருத்தப்பட்டு மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. நம்ம பக்கத்து ஆளுக அதை ரேகைச் சட்டம்னு சொல்லுவாக. ஆம்பளைக கைரேகையைப் பதிஞ்சு வச்சுக்குவான். ராத்திரியானா போலீஸுகிட்ட போய் ஆஜராகணும். வெளியூரு போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். பேருல பாதி ஒண்ணு. ஒரு பக்கம் சிம்மாசனம், இன்னொரு பக்கம் சீட்டு. பொறப்புதான் காரணம்னா ரெண்டு ஊருலயும் ஒண்ணுதானே நடந்திருக்கணும்?

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கவனமாக் கேளு. ராத்திரி பூரா காவல்ல கெடந்தவன் பகல்ல எந்த வயலுக்குப் போவான்? ரேகை வச்சவனுக்கு எவன் வேலை குடுப்பான்? வேலையில்லாம நிக்கிறவனைக் காட்டி, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு சொல்லிக்கிட்டான். கட்டிப் போட்டவனே, இவனுக்கு நடக்கத் தெரியலன்னு சாட்சியும் சொன்னான். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்கமாட்டோம்னு ஊரே நின்னுச்சு. துப்பாக்கிச் சூட்டுல மாயக்காள்ங்கிற பொம்பளையும் சேத்து 16 பேரு செத்தாக. மெட்ராஸ் மாகாணத்துல அந்தச் சட்டத்தை எடுத்தது 1947-ல.

இப்ப சட்டம் இல்லியே, வெறும் வாய்ப்பேச்சுதானேன்னு கேப்ப. வாய்ப்பேச்சு என்ன பண்ணும்னும் ஒரு கணக்கு இருக்கு. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துல கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டேன்னு ரெண்டு பொருளாதாரப் படிப்புக்கார அம்மாக, ஆறாவது ஏழாவது படிக்கிற 642 பயகளை உக்கார வச்சு, கட்டத்துக்குள்ள வழி கண்டுபிடிக்கிற புதிரைக் குடுத்தாக. ஒரு புதிருக்கு ஒரு ரூவா. பாதிப் பேரு மேல்சாதின்னு சொல்லிக்கிற வீட்டுப் பிள்ளைக, பாதிப் பேரு ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக. யாரு என்ன சாதின்னு சொல்லாம போட்டாக, ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் போட்டாக. பிறகு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரு முன்னாலயும் பேரு, அப்பன் பேரு, ஊரு, சாதின்னு வாசிச்சாக. அம்புட்டுத்தான். திட்டல, அடிக்கல, விலக்கல. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக போட்ட புதிரு அதுலயே கொறைஞ்சு போச்சு. அதே வயசு, அதே பென்சில், அதே ஒரு ரூவா.

அந்தப் பிள்ளைக்குப் புதிரு மறந்துபோச்சா? மறக்கல. கையில புதிரும் மண்டையில ஊருப் பேச்சும் ஒண்ணா ஓடுது. நாம எப்படிப் போட்டாலும் இவுக சரியாப் பாக்கப் போறதில்லங்கிற எண்ணமும் கூட உக்காந்துக்குது. அமெரிக்காவுல கறுப்பு இனத்துப் பிள்ளைகளை வச்சு 1995-லயே கிளாட் ஸ்டீலும் ஜோசுவா ஆரன்சனும் இப்படி ஒண்ணைக் காட்டியிருக்காக. பின்னால வந்தவுக திரும்பச் செஞ்சு பாத்தப்ப அம்புட்டுப் பலமா வரலன்னு சண்டையும் நடக்குதாம். நடக்கட்டும், படிச்சவுக சண்டை நல்லது. நான் அமெரிக்கா வரைக்கும் போகல. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு சாதியைச் சொல்லிக் கூப்பிட்ட காலத்துல, கையை மடிச்சுக்கிட்டுக் கடைசி பெஞ்சில உக்காந்த பயகளை நானே பாத்திருக்கேன்.

புதுக்கோட்டையிலயே பாரேன். முத்துலட்சுமி ரெட்டி 1886-ல இங்க பொறந்தவுக. மகாராஜா கல்லூரியில சேரப் போனப்ப, ஒரு பொண்ணு உள்ள வந்தா பயலுக கெட்டுப் போவாகன்னு எதுத்தாக. அந்தம்மாவோட தாயாரு பொறந்த குலத்தையும் சேத்து இழுத்தாக. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான் சேத்துக்கங்கன்னு உத்தரவு போட்டாரு. 1912-ல டாக்டரு. 1927-ல மெட்ராஸ் சட்ட மேலவையில முதல் பொம்பளை உறுப்பினரு. தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தாக. 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்குனாக. பயலுக கெட்டுப் போனாகளான்னு யாரும் கணக்கெடுத்து வைக்கல. அந்த வகுப்புல உக்காந்திருந்த பயலுக பேருகூட நமக்குத் தெரியாது.

"அது பெரிய எடத்துச் சமாச்சாரம் தாத்தா"ம்ப. சரி, சைக்கிளுக்கு வா. 1991-ல ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப நம்ம மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. எழுத்துக் கத்துக்குடுக்கப் போனவுக சைக்கிளையும் கத்துக்குடுத்தாக. அதுவரைக்கும் பொம்பளை சைக்கிள்ல ஏறுனா அவ ஒழுக்கத்தைப் பத்தித்தான் பேச்சு. பேசுனவுக யாருங்கிறே? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் டீக்கடை பெஞ்சை விட்டு எந்திரிக்காத ஆளுக. விசிலு, கிண்டலு, கெட்ட பேச்சு. முத்துபாஸ்கரன்னு ஒருத்தரு சைக்கிள் கத்துக்கச் சொல்லி ஒரு பாட்டு எழுதுனாரு. அந்தப் பாட்டைக் கேக்காத திடலு மாவட்டத்துல இல்ல.

என்னாச்சுங்கிறே? ஒண்ணரை வருசத்துக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல பொம்பளைக ஓட்டக் கத்துக்கிட்டாக. கடையில லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. இருக்கட்டும்னு ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கிட்டாக. அதுலதான் குறுக்குக் கம்பி இருக்கு, பிள்ளையை உக்கார வச்சுக்கலாம்னு காரணம் வேற சொன்னாக. புருசன் எப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போவான்னு காத்துக் கெடந்தவுக தண்ணிக்கும் சந்தைக்கும் தானே மிதிச்சுக்கிட்டுப் போனாக. "பொம்பளைக்கு பேலன்சு வராது"ன்னு அடிச்சுச் சொன்ன ஆளு ஒருத்தரு நம்ம தெருவுல இருந்தாரு. ரெண்டு வருசம் கழிச்சு, மேல்சட்டை போட்டுக்கிட்டு அவரு மருமக சைக்கிள் கேரியர்ல உக்காந்து ஆஸ்பத்திரிக்குப் போறாரு. "என்ன மாமா, பேலன்சு எப்படி?"ன்னேன். "நான்தான்டா கத்துக்குடுத்தேன்"னாரு. முத்திரை சாகுறப்ப சத்தமே வராது ராசா. குத்துனவன் எல்லாரும், நாங்க அன்னைக்கே எதுத்தோம்னு சொல்லிருவாக.

நம்ம சனமும் முத்திரை வாங்குன சனந்தான். மலாயாவுல தோட்டத்துக்குப் போகமாட்டேன்ன மலாய்க்காரனை வெள்ளைக்காரன் சோம்பேறின்னான், கப்பலேறிப் போன தமிழனை அடங்கிப் போறவன்னான். ரெண்டும் அவனுக்குக் கூலி கொறைச்சலா ஆளு கெடைக்கணும்னு எழுதுனது. சோம்பேறிங்கிறது கட்டுக்கதைன்னு சையது உசேன் அலாட்டாஸ் 1977-ல தனிப் புத்தகமே போட்டாரு. பம்பாயில 1966-ல சிவசேனா தொடங்குனப்ப நம்ம ஆளுக எல்லாரும் "மதராசி". மலையாளி, கன்னடக்காரன்னு வித்தியாசம் கிடையாது, வேட்டி கட்டுனவன் அம்புட்டுப் பேரும் வேலையைப் பறிக்க வந்தவன். அங்க அடி வாங்குன ஆளோட பேரன் இப்ப இங்க உக்காந்துக்கிட்டு "வடக்கன்"ங்கிறான். 2023 மார்ச்சுல, தமிழ்நாட்டுல பீகாருக்காரனை அடிக்கிறாகன்னு பொய் வீடியோவைச் சுத்த விட்டாக. பீகார்லருந்து அதிகாரிங்க குழுவே வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. அங்க உள்ள ஆளுக அதை ஏன் உடனே நம்புனாக? அவுக நோட்டுல நம்ம பக்கம் ஏற்கெனவே எழுதியிருந்துச்சு.

நம்ம கடைத்தெருவுல பரோட்டா போடுற பய ஒருத்தன் இருக்கான்ல, ஊரே அவனை "பீகாரி"ங்குது. ஒரு நா கேட்டேன். ஒடிசாவாம். கடலோரத்து ஊராம், அவுக ஊருலயும் புயல் வந்து தென்னை விழுமாம். கஜாவைப் பத்திச் சொன்னதும் மாவைப் பெசையிறதை நிப்பாட்டிட்டு, காப்பீட்டுப் பணம் வந்துச்சான்னு கேட்டான். நம்ம சொந்தக்காரன்கூட அதைக் கேக்கல. "எங்களைப் பத்தி ஊருல என்னடா சொல்லுவே?"ன்னேன். ரொம்ப யோசிச்சுட்டு, "இங்க எல்லாருக்கும் கோவம் ஜாஸ்தி, கத்திக் கத்திப் பேசுவாங்கன்னு சொல்லுவேன்"னான். "எவன்டா அப்படிச் சொன்னது?"ன்னு பெஞ்சில இருந்த அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல கத்துனாக.

சாயங்காலம் அந்தப் பக்கம் போனா அவன் பேரைக் கேட்டு வச்சுக்க. "ஏய் பீகாரி"ன்னு கூப்பிடுறவனுக்குக் கடைசியாத்தான் போடுறான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பரோட்டா சீக்கிரம் வருது, சால்னாவும் கூடக் கொஞ்சம் ஊத்துறான்.